நாய்க்குக் குடை கொடுத்த மத்தியானம்

சீக்கிரமே ஒரு இரண்டாம் பாகம் உங்கள் மேசைக்கு வரும். முதல் பாகத்தோடு ஒப்பிட்டு மார்க் போடச் சொல்வார்கள். இதில் என்ன பெரிய கஷ்டம், இரண்டையும் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிட்டுப் போகிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கேம் டெஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதுங்கள் என்று உங்கள் ஆபீஸிலிருந்து கேட்டார்கள். பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பதிவு செய்வது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகவே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. மார்க் போடும் இடத்தில் எங்கே கால் வழுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரே ஒரு சம்பவம்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆபீஸ் காக்ஸ் டவுனில் ஒரு பழைய மாடி வீட்டில் இருந்தது. மாடியில் கேம் செய்கிறவர்கள், கீழே அதை ஆடிப் பார்த்து மார்க் போடுகிற நாங்கள். ஒரு கேம் எங்கள் கையில் இருக்கும்போது மாடிக்காரர்கள் கீழே வரலாம், நின்று பார்க்கலாம், ஆனால் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அது ஆபீஸ் சட்டம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வரும்போது யாராவது "எங்கம்மா வேலை பாக்கறே?" என்று கேட்டால், என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு "கம்ப்யூட்டர் கம்பெனியில" என்று சொல்லிவிடுவார். நாள் முழுக்க உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

பாயின்ட் அண்ட் கிளிக் என்ற வகை அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். அதில் சுடுவது, குதிப்பது, துரத்துவது எதுவும் கிடையாது. திரையில் ஒரு இடம் தெரியும். மவுஸால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். கிடைக்கிற சாமானைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். எந்தச் சாமானை எதன்மேல் வைத்தால் கதை நகரும் என்று யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சாவியைப் பூட்டில் வைத்தால் கதவு திறக்கும். அதே சாவியைப் பூந்தொட்டியில் வைத்தால் ஒன்றும் நடக்காது. அவ்வளவுதான் ஆட்டம்.

எங்கள் ஆபீஸில் செய்த அப்படிப்பட்ட முதல் கேம் 'உப்பு பங்களா'. சுவரெல்லாம் உப்புப் பூத்து, பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற ஒரு பங்களா. ஆனால் அதன் கரண்ட் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று கண்டுபிடிக்க மீட்டர் ரீடர் மாசிலாமணி உள்ளே போக வேண்டும். கேட்டில் சீசர் என்று ஒரு நாய். வசனம் எழுதியவர் தேவராஜ். அதற்கு முன்னால் ஸ்கூல் பாட சிடிக்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். நீராவி எப்படி உண்டாகிறது என்பதையே நாலு வகுப்புக்கு நாலு விதமாக எழுதியிருக்கிறார். "இனி என்னை நீராவி எழுதச் சொன்னா வேலையை விட்டுட்டுப் போயிடுவேன்" என்று சொல்வார். சிரிக்காமல்தான் சொல்வார். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

முதல் பாகத்தை மதிப்பிட்டபோது எங்களிடம் அந்த கேம் ஓடுகிற மாதிரி ஒரே ஒரு மெஷின்தான் இருந்தது. மவுஸ் என் கையில். சுற்றி நாலு நாற்காலி. சல்மா, முருகேஷ், இன்னும் யார் வேலையில்லாமல் இருக்கிறார்களோ அவர்கள். எனக்கு நேர் பின்னால் டேனியல், ஜோகுபாளையத்துக்காரன். அந்தப் பையன் வாயை மூடமாட்டான். ஒழுங்கான யோசனை ஒன்றுகூட அவனிடமிருந்து வந்ததில்லை. "அக்கா, குடையை நாய்க்குக் குடுங்கக்கா." "அக்கா, அந்த எலுமிச்சை சாதத்தைச் சுவத்துல இருக்கற வெள்ளைக்காரத் துரை படத்துக்கு ஊட்டிப் பாருங்கக்கா." நானும் செய்வேன். நாய்க்குக் குடையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டேனியலே ஒரு பதில் வைத்திருப்பான். மாசிலாமணி குரலில் அதைச் சொல்வான். சல்மா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். படிக்கட்டில் தேவராஜ் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருப்பார். சட்டப்படி வாயைத் திறக்க மாட்டார்.

அந்த கேமுக்கு நாங்கள் எட்டு மார்க் போட்டோம். 'நகைச்சுவை அருமை' என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். சிடியும் நன்றாக விற்றது.

இரண்டாம் பாகம் வருவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொரு ஹெட்போன். டேனியல் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டான். வேலையும் குவிந்துகொண்டிருந்தது. அதனால் எங்கள் மேனேஜர் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்தார். கேமைக் கொடுக்கும்போதே மாடிக்காரர்கள் அதை முடிக்கிற வழியையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எந்த அறையில் எதை எடுத்து எதன்மேல் வைப்பது என்று வரிசையாக இருக்கும். ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருப்பதைப்போல இருந்ததால் நாங்கள் அதை கைடு என்றே கூப்பிட்டோம். வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கேம் இரண்டே நாளில் முடிந்தது. சாயந்தரம் கூட்டம் ஏறுவதற்கு முன் பஸ் கிடைத்தது. எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை.

'உப்பு பங்களா' இரண்டாம் பாகத்தில் அதே மாசிலாமணி, அதே பங்களா, அதே நாய். கூடவே இப்போது முழுத் தெருவும் உண்டு. பங்களாவின் மீட்டர் நின்றுபோகிறது, தெருவில் மற்ற வீட்டு மீட்டர் எல்லாம் தலைதெறிக்க ஓடுகிறது. எங்களிடம் அது வந்தபோது மேனேஜர் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னார். முதல் பாகம் வாங்கிய மார்க்கை இரண்டாம் பாகமும் வாங்க வேண்டும் என்று முதலாளி நினைக்கிறார். வாங்காவிட்டால் கேம் செய்கிற பிரிவையே மூடிவிட்டு, மாடியில் இருக்கும் நாலு பேரையும் ஹெப்பகோடி பக்கம் இருக்கிற இன்னொரு ஆபீஸுக்கு அனுப்பிவிடுவார். அங்கே ஸ்கூல் பாட சிடிதான். அதாவது தேவராஜுக்குத் திரும்பவும் நீராவி.

இதைக் கேட்டு எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக மார்க்கைக் கூட்டிப் போடுகிற ஆள் இல்லை நான். மூன்று பேரும் தனித்தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடி முடித்தோம். சொல்லிவைத்த மாதிரி மூன்று பேருமே ஆறு மார்க் போட்டோம். ரிப்போர்ட்டை நான்தான் டைப் செய்தேன். 'முதல் பாகத்தின் நகைச்சுவை இதில் இல்லை' என்று ஒரு வரி. அதை எழுதும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் அந்த கேமை ஆடும்போது ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, அது உண்மை.

ரிப்போர்ட் முதலாளிக்குப் போகும் முன் செய்தவரிடம் ஒரு தடவை காட்ட வேண்டும். காலையில் தேவராஜ் கீழே வந்து நின்றபடியே படித்தார். அந்த வரியில் அவர் கண் நின்றது எனக்குத் தெரிந்தது.

"யார் யார் ஆடுனீங்க?" என்று கேட்டார்.

"நான், சல்மா, முருகேஷ்."

"சேர்ந்தா?"

"இல்ல, தனித்தனியாதான். கைடு இருக்குல்ல."

"ஓ, கைடு" என்றார். தாளை மேசையில் வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். வாதாடுவார் என்று நான் பதில் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

மேனேஜர் வெளியே போயிருந்தார். சாயந்தரம் வந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்வார், மறுநாள் காலை முதலாளி அதோடு பம்பாய் போகிறார், அங்கேதான் சிடி போடுகிற ஆட்களோடு பேச்சு. மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. டீசல் இல்லை. யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்த என் மெஷின் மட்டும் உயிரோடு இருந்தது. திரையில் இரண்டாம் பாகம், கேட்டில் சீசர் உட்கார்ந்திருக்கிறது.

வெயிலுக்கு வெளியேயும் போக முடியாது. சல்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். முருகேஷும் வந்தான்.

சல்மா திரையைப் பார்த்துவிட்டு, "அரே, டேனியல் இருந்தா இந்நேரம் குடையை நாய்க்குக் குடுன்னு கத்தியிருப்பான்" என்றாள்.

"குடுத்துடலாம், பாவம்" என்றேன். அவன் ஞாபகத்துக்காகத்தான். பையிலிருந்து குடையை எடுத்து நாயின்மேல் வைத்துக் கிளிக் செய்தேன்.

மாசிலாமணி எங்கள் பக்கம் திரும்பினார். "போன தடவையே யாரோ இதைச் சொன்னாங்க. அப்ப எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல" என்றார். குடையை நீட்டினார். சீசர் அதை வாயில் கவ்விக்கொண்டு போய்ச் சுவரோரம் விரித்து, நிழலில் படுத்துக்கொண்டது. "நல்லது. மழை வந்தா நாய் நனையாது, நான் நனைவேன்" என்றார் மாசிலாமணி. கொஞ்ச நேரம் கழித்துக் குடை கேட்டுக்கு வெளியே வந்து விழுந்தது. "அதுக்கே பிடிக்கல."

நாய்க்குக் குடை கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த முதல் பாகத்து நாட்களில் டேனியல் சொல்லிக் காட்டியது கிட்டத்தட்ட இதேதான்.

"சாதம்" என்றான் முருகேஷ். "துரைக்குச் சாதம் ஊட்டுங்க."

ஊட்டினேன். "அம்பது வருஷமா பட்டினி போல. ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேங்கறார், மரியாதைக்காரர்" என்றார் மாசிலாமணி. சல்மாவின் துப்பட்டா வாய்க்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் ஒரு சரியான காரியமும் செய்யவில்லை. டேனியல் சொன்னது, சல்மா சொன்னது, ஒரு தடவை நானே தெரியாத்தனமாகச் சொன்னது எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. படிக்கட்டில் டீயோடு நின்ற மனுஷன் அத்தனையையும் காதில் வாங்கி, வீட்டுக்குப் போய், ஒவ்வொன்றுக்கும் வசனம் எழுதியிருக்கிறார். நாங்கள் கைடைப் பார்த்துச் சரியானதை மட்டும் செய்துகொண்டே போனதால் அதில் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. கைடில் நாய்க்குக் குடை கொடு என்று எப்படி இருக்கும்?

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். விடுவிடுவென்று மாடிக்குப் போனேன். "காலையில ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன்.

தேவராஜ் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "சட்டம் இருக்குல்ல" என்றார். பிறகு, "சிரிங்கன்னு சொல்லிட்டு ஜோக் சொல்ல முடியுமா எஸ்தர்?" என்றார். கீழே வந்துவிட்டேன்.

நாலு மணிக்குக் கரண்டும் வந்தது, மேனேஜரும் வந்தார். மைசூர்ப் பக்கத்து மனுஷர், தமிழில் பேச ஆரம்பித்து நடுவில் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கேம் எதையும் அவர் தொட்டதே இல்லை. ஆனால் நான் யாரிடமாவது வேலை கற்றுக்கொண்டேன் என்றால் அது அவரிடம்தான். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கிறவரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நோடி, பாருங்க எஸ்தர், கரண்ட் போச்சு, வேலை இல்ல, மூணு பேரும் குஷியா உக்காந்து சிரிச்சீங்க. சந்தோஷம். கரண்ட் போனதுக்கு மார்க் போட முடியுமா?"

"சார், அது மட்டும் இல்ல..."

"இருங்க. இன்னொண்ணு. அது உங்க ஜோக். உங்க டேனியல், உங்க சல்மா, உங்க துப்பட்டா. கடையில சிடி வாங்கறவனுக்கு டேனியல் யாருன்னு தெரியுமா? அவன் எதுக்குச் சிரிக்கணும்?"

இந்த இரண்டு கேள்விக்காகத்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவர் கேட்டது நியாயம். மனசு குளிர்ந்துபோய் இருக்கிற நேரத்தில் போடுகிற மார்க்கும், எரிச்சலில் போடுகிற மார்க்கும் ஒன்றுதான், இரண்டையும் நம்பக் கூடாது. எங்கள் சொந்தப் பேச்சு எங்களுக்கே திரும்பி வந்ததால் உருகிவிட்டோமா, அல்லது கேம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா? எனக்கு அந்த நிமிஷம் தெரியவில்லை. ரிப்போர்ட் போக வேண்டிய நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அலமாரியிலிருந்து முதல் பாகத்தின் சிடியை எடுத்தேன். இத்தனை நாள் இரண்டாம் பாகத்தை எதோடு ஒப்பிட்டோம்? முதல் பாகத்தோடு இல்லை, அதைப் பற்றிய எங்கள் ஞாபகத்தோடு. மதிப்பீடு முடிந்த பிறகு அதை யாருமே திரும்ப ஆடவில்லை. தனியாக உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நாய்க்குக் குடையைக் கொடுத்தேன்.

"அது சரிப்படாது" என்றார் மாசிலாமணி.

துரைக்குச் சாதம் ஊட்டினேன். "அது சரிப்படாது." நாய்க்கு டார்ச், கிணற்றுக்குப் பில் புத்தகம், கதவுக்குச் செருப்பு. அத்தனைக்கும் அதே மூன்று நொடி, அதே குரல், அதே "அது சரிப்படாது." முதல் பாகத்தில் தப்பு செய்தால் வருகிற பதில் அந்த ஒன்றே ஒன்றுதான். நகைச்சுவை அருமை என்று நான் எழுதியிருந்தேனே, அது கேமில் எங்குமே இல்லை. அது எங்கள் நாற்காலிகளில் இருந்தது. கேம் வாயடைத்துப்போய் நின்ற இடத்தில் எல்லாம் டேனியல் பேசியிருக்கிறான், நாங்கள் அதைக் கேமின் கணக்கில் எழுதிவிட்டோம்.

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: இரண்டாம் பாகத்தில் பேசியது கேம்தான், கரண்ட் போன குஷி இல்லை. இரண்டாவது கேள்விக்கு டேனியலின் ஜோக் எதுவும் தெரியாத ஆள் ஒருவர் வேண்டும். டேனியல் சொன்ன ஒரு யோசனையைக்கூடக் காதில் வாங்காத ஆள் ஒருவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்க உக்காருங்க" என்றேன்.

"நானா? எனக்கு இதெல்லாம் வராது. பேடா, வேண்டாம்."

"வரக் கூடாது. அதனாலதான் கேக்கறேன். கேம் கன்னடத்துலயும் ஓடும். கைடு கிடையாது, நாங்க யாரும் வாயைத் திறக்க மாட்டோம்."

மேனேஜர் மவுஸை ஏதோ சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி தொட்டார். கேட்டுக்கு வந்தார். நாய் குரைத்தது. நல்ல மனுஷர் செய்கிறபடி முதலில் சாதத்தைக் கொடுத்துப் பார்த்தார், நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பையைத் துழாவினார். குடையை அவர் தொடவே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் பில் புத்தகத்தை எடுத்தார். ஆயுசு முழுக்கக் கணக்கு பார்த்தவர் வேறு எதை எடுப்பார்? கரண்ட் பில் ஒன்றைக் கிழித்து நாய்க்கு நீட்டினார். அது டேனியல் யோசனை இல்லை. எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

சீசர் பில்லை வாயில் வாங்கிக்கொண்டு உள்ளே போனது. மாசிலாமணி அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இந்தத் தெருவுலயே மறுபேச்சு பேசாம பில் வாங்கினது இது ஒண்ணுதான்" என்றார், கன்னடத்தில்.

மேனேஜர் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். சட்டென்று நிமிர்ந்து யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர் திரும்பவும் பில் புத்தகத்தை எடுத்தார். இந்தத் தடவை துரை படத்துக்குப் பில் கொடுக்கப் போனார். அன்றைக்கு அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஆனால் அதே மனுஷர்தான் குறையையும் கண்டுபிடித்தார். "ஏன் இவன் இவ்வளவு நடக்கறான்? தெருவோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தே என் பொழுது போச்சு" என்றார். நாங்கள் மூன்று பேரும் முதலிலேயே எழுதியிருந்த குறை அது. நடுப்பகுதியில் ஒவ்வொன்றுக்கும் தெருவைக் கடந்து கடந்து போய் வர வேண்டும். கால் வலிக்காத குறைதான்.

எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஆய்த்து, முடிஞ்சுது. எட்டு போட்டுடுங்க. முதல் பாகமும் எட்டு, இதுவும் எட்டு. மேல இருக்கறவங்களும் பொழைச்சாங்க, முதலாளிக்கும் சந்தோஷம்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு எண்ணை அடித்து இன்னொரு எண்ணை எழுதினால் தேவராஜ் தப்பித்துவிடுவார். ஆனால் அது எட்டு வாங்குகிற கேம் இல்லை. நடுப்பகுதி அப்படி இருக்கும்போது ஏழுக்கு மேல் என் கை போகாது. ஏழு போட்டால் எட்டைத் தொடவில்லை, பிரிவை மூடிவிடுவார்கள். எட்டு போட்டால் நடக்கவிட்டே சாகடிக்கிறது என்று சிடி வாங்கியவன் திட்டும்போது எங்கள் மார்க்குக்கு மரியாதை இருக்காது. அப்புறம் நாங்கள் நல்லது என்று சொல்வதை யார் நம்புவார்கள், அடுத்த தடவை தேவராஜை எதை வைத்துக் காப்பாற்றுவது?

தப்பான எண் வேறு இடத்தில் இருந்தது. அது தெரிந்தும் திருத்த எனக்குப் பயமாக இருந்தது.

"சார், முதல் பாகத்தோட மார்க்கைக் குறைக்கணும்" என்றேன்.

"என்னது?"

"அதுக்கு எட்டு போட்டது தப்பு. அது ஆறுதான். அந்த எட்டுல ரெண்டு மார்க் டேனியலோடது. இது ஏழு."

"வித்து முடிஞ்ச கேமுக்கு இப்ப மார்க்கைக் குறைப்பாங்களா? முதலாளி அதைத்தான் வர்றவங்ககிட்டயெல்லாம் காட்டறார். அவர் மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதா?"

"இருக்கும் சார்."

"அவர் ஏழுன்னு மட்டும் பாத்துட்டு மூடிட்டார்னா?"

"அதுக்குத்தான் மேல போய்க் கேட்டுட்டு வரேன்" என்றேன். இன்னொருத்தர் வேலையைப் பணயம் வைத்து நான் நேர்மையாக இருப்பது சுலபம். அது அந்த மரப்படியில் ஏறும்போது எனக்கு நன்றாகவே உறைத்தது.

தேவராஜிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். ஆறு, ஏழு, ஏன் எட்டு இல்லை, என்ன ஆகலாம், எல்லாம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல ரொம்ப நடக்கறான், இல்ல?" என்றார்.

"ரொம்ப."

"தெரியும். கடைசி மாசம் திருத்தலாம்னு இருந்தேன், அந்த மாசம் வரவே இல்ல." என் பக்கம் திரும்பினார். "போடுங்க எஸ்தர். டேனியலுக்கு ரெண்டு மார்க்னு எழுதுங்க, அது சரிதான். எனக்கே தெரியும், அதனாலதானே அவனைக் கேமுக்குள்ள கொண்டு வந்தேன்."

ரிப்போர்ட்டைத் திரும்ப எழுதினேன். முதல் பாகத்துக்கு எட்டு ஏன் தப்பு என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். கைடு இல்லாமல் ஆடினால் இரண்டாம் பாகம் எப்படி இருக்கிறது, கைடோடு ஆடினால் என்ன காணாமல் போகிறது, நடுப்பகுதியில் எதைக் குறைக்க வேண்டும் என்றும் எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "இதுல கையெழுத்து போட எனக்கும் பயமாதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போட்டார். ஒரு காரியம் அவராகவே செய்தார். பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்பத் தயாராக இருந்த கவர்களைப் பிரித்து, உள்ளே இருந்த கைடுகளை எடுத்துவிட்டார். அவர்களும் எங்களைப்போல அவசரக்காரர்கள்தானே.

முதலாளி பம்பாயிலிருந்து திரும்பி வருகிறவரை மாடியில் சத்தமே இல்லை. கீழேயும் இல்லை. ராத்திரி குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். வீட்டுக்காரர் "கம்ப்யூட்டர் கம்பெனியில என்ன பிரச்சினை?" என்று கேட்டபோது, "ஒரு நாய், ஒரு குடை" என்று சொல்லி அவரைக் குழப்பிவிட்டேன்.

முதலாளி வந்த அன்று மேனேஜர் அவர் அறையில் ரொம்ப நேரம் இருந்தார். முதலாளி குரல் வெளியே கேட்டது, மேனேஜர் குரல் கேட்கவில்லை. வெளியே வந்தபோது முகம் சிவந்துபோயிருந்தது. நேராக என் மேசைக்கு வந்தார். "மார்க் போடறதுல உங்களுக்கு என்ன திமிர்னு கேட்டார்" என்றார். பிறகு மாடியைக் கண்ணால் காட்டி, "நடையைக் குறைச்சுட்டு சிடி போடலாமாம். போய்ச் சொல்லுங்க, நீராவி வேணாமாம்" என்றார்.

இரண்டாம் பாகம் ஓரளவு விற்றது. முதல் பாகம் அளவுக்கு இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மார்க்கும் விற்பனையும் கை கோத்துக்கொண்டு நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போது நீங்கள் ஏழாயிரம் பேர் மத்தியில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள், ஆளுக்கு இரண்டு திரை, கையில் கைடைவிடப் பெரிய கைடு. அவசரம் இருக்கத்தான் செய்யும். ஒரு தடவையாவது கைடைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செய்யக் கூடாததைச் செய்து பாருங்கள். இரண்டாம் பாகத்தைத் திட்டும் முன் முதல் பாகத்தைத் திரும்ப ஆடிப் பாருங்கள், தனியாக. அதற்குச் சோம்பேறித்தனம் வந்தால் மார்க் போடாதீர்கள்.

டேனியலுக்கு ஒரு சிடி தபாலில் அனுப்பியிருந்தோம். நாங்கள் ஒன்றும் எழுதவில்லை, சிடி மட்டும்தான். ஒருநாள் மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஹலோ கிடையாது, எப்படி இருக்கீங்க கிடையாது.

"அக்கா" என்றான். "நாய் பதில் சொல்லுச்சுக்கா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் திரும்பி தேவராஜைக் கூப்பிட்டேன். அவர் டீ கிளாஸோடு இறங்கி வந்து போனை வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் டேனியல் பேசிக்கொண்டே இருந்தான். அந்த ஊரில் அப்போது நடு ராத்திரியாக இருந்திருக்கும். என்ன சொல்கிறான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த பாகத்துக்கு ஏதோ யோசனை சொல்கிறான் என்று மட்டும் புரிந்தது. தேவராஜின் தோள் மெல்லக் குலுங்க ஆரம்பித்தது, பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார். சல்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அது சரிப்படாது" என்றார் தேவராஜ் போனில். சொல்லிக்கொண்டே டீ கிளாஸை என் மேசையில் வைத்துவிட்டு, எழுத ஒரு பேனா கொடுங்கள் என்று என்னிடம் கையை நீட்டினார்.